தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதையா, சென்னை எல்லைச் சாலையா: பொதுப்பணம் முதலில் எதற்கு?

கூடுவாஞ்சேரியான்:

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே நான்காவது ரயில் பாதை அமைக்க ரயில்வே வாரியம் 2025இல் ஒப்புதல் அளித்தது. 30 கி.மீ. தொலைவுக்கு அதன் மதிப்பீடு ஏறத்தாழ 757 கோடி ரூபாய். அதே வட்டாரத்தில், எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கித் தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக மாமல்லபுரம் வரை சென்னை எல்லைச் சாலை உருவாகி வருகிறது. 133 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலைக்கு 12,000 கோடி ரூபாய்க்கும் மேல் செலவாகிறது. கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் ரயில் பாதைக்கு 25 கோடி, சாலைக்கு 90 கோடி.

எனது வாதம் இதுதான். புறநகரில் குடியேறியிருப்பவர்களுக்குப் பொதுப்பணத்தால் விரைவாகவும் மலிவாகவும் செய்யக்கூடியது, ஏற்கெனவே இருக்கும் இருப்புப்பாதையில் வண்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதே. தாம்பரம் வரை நெருக்கமாக வரும் மின்சார ரயில்கள் அதற்குத் தெற்கே அருகிவிடுவதற்குக் காரணம் பயணிகள் இல்லாமை அன்று. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் விரைவு வண்டிகளோடு அதே பாதைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதே காரணம். பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட ஒரு வண்டியில் உட்கார்ந்தும் நின்றும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் செல்லலாம். ஒரு சாலைத் தடத்தில் மணிக்கு 1,800 கார்கள் தடையின்றி ஓடினாலும், காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் 2,700 பேர்தான் நகர்கிறார்கள்.

இருந்தும் நாம் முதலில் சாலை போடுகிறோம்; ஊர் பரவியபின் ரயிலைப் பற்றி யோசிக்கிறோம். ஏறத்தாழ 394 கோடி ரூபாயில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைக் கட்டி 2023 டிசம்பரில் திறந்தபோது, அதன் எதிரிலேயே ஓடும் தண்டவாளத்தில் இறங்குவதற்கு ஒரு நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில்) ஆட்டோ தேட வேண்டியிருந்தது.

முன்னாள் சாலைப் பொறியாளர்:

கூடுவாஞ்சேரியான் அவர்கள் தந்துள்ள இரண்டு தொகைகளும் உண்மை. அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டதுதான் பொருந்தவில்லை. நான்காவது பாதை கிலோமீட்டருக்கு 25 கோடியில் முடிவதற்குக் காரணம், பெரும்பாலான நிலம் வெள்ளையர் காலத்திலிருந்தே ரயில்வேயிடம் இருப்பது. எல்லைச் சாலைக்கோ, 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு கொடுத்து, ஏரிக்கரைகளையும் ரயில் பாதைகளையும் பாலங்கள் மூலம் கடந்து, ஆறு வழித் தடத்தை முற்றிலும் புதிதாக அமைக்க வேண்டும். நிலமே இல்லாத இடத்தில் ரயிலுக்கு என்ன செலவாகும் என்று பார்க்க விரும்பினால் மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள்: 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். விமான நிலையம்–கிளாம்பாக்கம் நீட்டிப்பு 15.46 கி.மீ.தான்; மதிப்பீடு 9,335 கோடி.

இரண்டாவதாக, எல்லைச் சாலை உங்களுக்கும் எனக்கும் அலுவலகம் செல்வதற்காகத் திட்டமிடப்பட்டதன்று. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் இடையே ஓடும் சரக்குப் பெட்டக லாரிகளை நகருக்குள் விடாமல் திருப்பிவிடுவதே அதன் வேலை. அந்த லாரிகளை மின்சார ரயிலில் ஏற்ற முடியாது.

மூன்றாவது, நட்டம். பயணிகள் ரயிலை இயக்க ஆகும் செலவில் 46 விழுக்காட்டைத் தாமே சுமப்பதாக ரயில்வே அமைச்சகமே சொல்லிவருகிறது. புறநகர் வண்டிகளில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய். சாலையில் செல்பவரோ வாகன வரி கட்டுகிறார், பெட்ரோலில் மத்திய வரியும் மாநில வரியும் கட்டுகிறார், பரனூரில் சுங்கமும் கட்டுகிறார். யார் யாருக்கு மானியம் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

ஐந்தொகை:

பொறியாளர் ஐயாவின் மூன்றாவது கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் அது உறுத்துகிறது.

பெட்ரோலுக்குச் செலுத்தும் வரி சாலைக்கென்றே ஒதுக்கப்படுவதில்லை. அதன் ஒரு பகுதியான கூடுதல் தீர்வை மட்டுமே சாலை, உள்கட்டமைப்பு நிதிக்குச் செல்கிறது. அந்த நிதியிலிருந்து ரயில்வேக்கும் பங்கு உண்டு; 2018இல் அதன் வரம்பு மேலும் விரிக்கப்பட்டது. மீதி வரி, சோப்புக்கும் சிமென்ட்டுக்கும் நாம் கட்டும் வரியைப் போலவே பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கடன் 3 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய பிறகு, வெளியில் கடன் வாங்குவதை நிறுத்திவிட்டு மத்திய அரசின் ஒதுக்கீட்டையே பெரிதும் நம்பும் நிலை வந்தது. சுங்க விதியில்கூட, முதலீடு மீண்டபின் கட்டணம் 40 விழுக்காடாகக் குறைய வேண்டும் என்று 2008 முதல் இருந்ததை 2023இல் மாற்றி, முழுக் கட்டணத்தையும் தொடர்ந்து வாங்க வழிசெய்தார்கள். சாலை தன் செலவைத் தானே தேடிக்கொள்கிறது என்பது உண்மையானால் இந்தத் திருத்தத்துக்கு என்ன தேவை?

இன்னொன்று, சாலையின் செலவில் கணிசமான பகுதி எந்தத் துறையின் ஐந்தொகையிலும் வருவதில்லை. 2023இல் இந்தியச் சாலைகளில் 1.72 லட்சம் பேர் உயிரிழந்தார்கள். அவர்களுடைய மருத்துவச் செலவும் குடும்பங்களின் வருமான இழப்பும் நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் இல்லை.

கூடுவாஞ்சேரியான் அவர்களுக்கும் ஒரு சொல். மத்திய அரசு சாலைக்கு அள்ளிக் கொடுத்து ரயிலுக்குக் கிள்ளிக் கொடுக்கிறது என்ற தொனி உங்கள் பதிவில் இருக்கிறது. 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு 2.87 லட்சம் கோடி, ரயில்வேக்கு 2.52 லட்சம் கோடி. இடைவெளி நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதன்று. ரயில்வேயின் பணம் சென்னைப் புறநகர் வரை வந்து சேராததற்குக் காரணம் வேறு. அதைப் பின்னர் எழுதுகிறேன்.

அகரம்தென் வாசகி:

இதுவரை எழுதிய மூவரும் தண்டவாளத்தின் ஓரத்திலோ நெடுஞ்சாலையின் ஓரத்திலோ வசிப்பவர்களாக இருக்க வேண்டும். நான் இருப்பது அகரம்தென்னில். மாலையில் எழும்பூரிலிருந்து மகளிர் பெட்டியில் ஏறித் தாம்பரம் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின், கிழக்குப் பக்கப் படிக்கட்டில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, கேம்ப் ரோடு வழியாக மப்பேடு பக்கம் செல்லும் சாதாரணக் கட்டணப் பேருந்துக்காக நிற்க வேண்டும். 2021 முதல் அது எங்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து. எப்போது வரும் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. காத்திருந்து பொறுமையிழந்தவர்கள் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார்கள். பின்னால் இடம் நிரம்பியதும் ஓட்டுநர் தமது இருக்கையில் சற்று நகர்ந்து ஆண்கள் இருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் வண்டி புறப்படும்.

நான்காவது பாதை வந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? எல்லைச் சாலை வந்தால்தான் என்ன கிடைக்கும்? 757 கோடியும் 12,000 கோடியும் பேசும் இடத்தில், தாம்பரம் கிழக்கிலிருந்து உட்புற ஊர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு சிறு பேருந்து விட எவ்வளவு ஆகும் என்று ஒருவரேனும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் சென்ற ஆண்டு இருசக்கர வண்டி வாங்கிவிட்டார். இப்போது ரயிலே ஏறுவதில்லை. உங்கள் ரயில் ஒரு பயணியை இழந்தது தண்டவாளத்தில் அன்று, பேருந்து நிறுத்தத்தில்.

கூடுவாஞ்சேரியான்:

சகோதரி சொல்வதை மறுக்க முடியாது. எங்கள் ஊரிலும் அதே நிலைதான். காலை ஏழு மணிக்குக் கூடுவாஞ்சேரி நிலையத்தின் வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிடுகிறது. பிறகு வருபவர்கள் தெருவோரத்தில், கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியை நிறுத்திவிட்டு ஓடுகிறார்கள். இணைப்புப் பேருந்து இல்லாமல் ரயில் முழுமை அடையாது என்பது என் வாதத்துக்கு எதிரானதன்று, அதன் ஒரு பகுதி.

பொறியாளர் ஐயா எல்லைச் சாலை லாரிகளுக்கானது என்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையும் தகவல்தொழில்நுட்ப நிறுவனங்களுக்கானது என்றுதான் தொடங்கியது. மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கி.மீ. ஆறு வழிச் சாலை. அதில் செல்லச் சுங்கம். சாலை வந்தபின் இரு பக்கமும் என்ன நடந்தது என்பதைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்தால் தெரியும். ஒரு காலத்தில் ஐயாயிரம் எக்டேருக்கும் மேல் விரிந்திருந்த அந்த நிலத்தில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்க்க எஞ்சியது 1,247 எக்டேர். அடுக்ககங்கள் எழுந்து, தண்ணீர் லாரிகளும் கழிவுநீர் லாரிகளும் வரிசையில் நின்று, 2015இல் வெள்ளமும் சூழ்ந்த பிறகு, சுங்கச்சாவடிகளை 2021இலும் 2023இலுமாக நீக்கினார்கள். இப்போது அதே சாலையின் நடுவே தூண்களை நட்டு, பெருந்தொகை செலவிட்டு மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கிறோம். நிலம் மலிவாக இருந்த நாளில் சாலையோடு சேர்த்தே ஓர் இருப்புப்பாதையைத் தரையில் அமைத்திருந்தால் இந்தத் தொகையில் எத்தனை பங்கு மிஞ்சியிருக்கும்? மெட்ரோவின் விலையை ரயிலுக்கு எதிரான சான்றாக ஐயா காட்டுகிறார். எனக்கு அது, சாலையை முன்னே விட்டதற்கு நாம் கட்டும் வட்டியாகத் தெரிகிறது.

மறைமலைநகர் மனைக்காரர்:

மனை விற்பவன் என்பதால் என்னை இங்கே வில்லனாகப் பார்ப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். யாரும் ஆசைப்பட்டுச் சிங்கப்பெருமாள்கோவிலில் குடியேறுவதில்லை. தாம்பரத்துக்குள் இரண்டு அறை அடுக்ககம் வாங்கும் பணத்தில் இங்கே மனையும் வாங்கி வீடும் கட்டிவிடலாம் என்பதால் வருகிறார்கள். மனைப்பிரிவு போடும்போது சாலைகளுக்கான நிலத்தையும், பெரிய மனைப்பிரிவென்றால் திறந்தவெளிக்குப் பத்தில் ஒரு பங்கையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கிறோம். வளர்ச்சிக் கட்டணமும் கட்டுகிறோம். பரவல் பரவல் என்று நீங்கள் குறை கூறுவது, எனக்கு முன்னால் வந்து உட்காரும் குடும்பத்துக்குச் சொந்த வீடு.

இன்னொரு செய்தி. ரயில் வந்தால் பரவல் நிற்கும் என்று எண்ண வேண்டாம். என் துண்டறிக்கையில் முதல் வரியே ‘ரயில் நிலையம் ஐந்து நிமிடத்தில்’ என்பதுதான். நான்காவது பாதைச் செய்தி வந்த வாரத்தில் விசாரிக்க வந்தவர்களும் கூடினார்கள்.

முன்னாள் சாலைப் பொறியாளர்:

மனைக்காரர் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார். இந்த நகரைத் தெற்கு நோக்கி முதலில் நீட்டியது நெடுஞ்சாலை அன்று. 1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை மின்மயமான பிறகுதான் மாம்பலமும் குரோம்பேட்டையும் பல்லாவரமும் இன்றைய உருவத்தை நோக்கி வளரத் தொடங்கின. ரயிலும் ஊரைப் பரப்பும்.

அடுத்து, சாலையைக் குறை சொல்லும் அன்பர்கள் பறக்கும் ரயிலைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995, மயிலாப்பூர் வரை 1997, திருவான்மியூர் வரை 2004, வேளச்சேரி வரை 2007. சதுப்பு நிலத்துக்காக வருந்துபவர்கள், இந்தப் பாதையின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டிருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிலம் எடுக்க வேண்டாம் என்பதற்காக நீர்வழியை எடுத்துக்கொண்டார்கள். விமான நிலையத்தின் அளவுக்குப் பெரிதாகக் கட்டிய நிலையங்களின் மேல்தளங்களில் கடைகள் வரவில்லை; எதிர்பார்த்த பயணிகளும் வரவில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை மிச்சமிருந்த 5 கி.மீ., ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் பத்தாண்டுக்கு மேல் கிடந்தது.

வண்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதுதான் விரைவான வழி என்றீர்கள். கடற்கரை–எழும்பூர் இடையே நான்காவது பாதை போட 2023 ஆகஸ்டில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். பதினான்கு மாதம் ஆயிற்று. அது நான்கரை கிலோமீட்டர். தாம்பரம்–செங்கல்பட்டு 30 கி.மீ.

மேலும், ஒரு தடத்தில் 2,700 பேர் என்ற கணக்கில் எல்லோரையும் காரில் உட்கார வைத்துவிட்டீர்கள். நம் சாலையில் ஓடுவதில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகள். ஒரே தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கி, மணிக்கு நூறு பேருந்து, பேருந்துக்கு அறுபது பேர் என்று வைத்தால் ஆறாயிரம் பேர். சகோதரிக்குத் தேவைப்படுவதும் அந்தச் சாலைதான்.

கூடுவாஞ்சேரியான்:

பேருந்துக்குத் தனித்தடம் என்கிறீர்கள். ஜி.எஸ்.டி. சாலையைப் பெருங்களத்தூருக்குத் தெற்கே எட்டு வழியாக அகலப்படுத்தியபோது அப்படி ஒரு தடத்தைக் கோடு போட்டுக் காட்டியிருந்தால் இன்று நானும் அதையே பேசியிருப்பேன். அகலப்படுத்திய பணம் பொதுப்பணம். கிடைத்த இடத்தை நிரப்பியது தனியார் கார்.

ரயிலும் ஊரைப் பரப்பும் என்பது சரி, ஆனால் பரவும் விதம் வேறு. மாம்பலமும் குரோம்பேட்டையும் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவுக்குள் கோத்த மணிகளைப் போல் வளர்ந்தன. கடைத்தெருவும் பள்ளியும் நிலையத்தைச் சுற்றி அமைந்தன. சாலையோ, போகும் வழியெல்லாம் எந்த இடத்திலும் இறங்கி எந்த வயலையும் மனையாக்க இடம் தருகிறது. பறக்கும் ரயில் தோற்றதற்கு அது ரயிலாக இருந்தது காரணமில்லை. மயிலாப்பூர் நிலையத்தில் இறங்கியவருக்கு வாசலில் பேருந்து இல்லை; வேளச்சேரி முனையம் பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலாக வேறு எந்தப் பாதையோடும் இணையாமல் அந்தரத்தில் நின்றது. இணைப்பை அறுத்து வைத்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்பது நியாயமா?

ஐந்தொகை:

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். என்னைப் பொறுத்தவரை, இந்த விவாதத்தின் முடிச்சு எது சிறந்தது என்பதில் இல்லை. ஊர் பரவுவதால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்பதில் இருக்கிறது.

மனைக்காரர் விற்கும் வீடு 50 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பத்திரம் பதிவாகும் அன்றே மாநில அரசுக்கு நாலரை லட்சம் வந்துவிடுகிறது. குடிவந்தவர் வண்டி வாங்கினால் வாகன வரி, அதற்குப் பெட்ரோல் போட்டால் விற்பனை வரி, எல்லாம் மாநிலத்துக்கு. அந்த வீட்டைத் தேடி ஆள் வந்ததற்குக் காரணமான ரயில்வேக்குக் கிடைப்பது சீசன் டிக்கெட் பணம் மட்டும். அதிலும் பாதிக்கு அருகில் நட்டம். அந்தப் பள்ளத்தைச் சரக்கு வண்டி வருமானத்தில் நிரப்புகிறார்கள். இந்த நிலையில், தில்லியில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி கூடுவாஞ்சேரிக்கு மேலும் பத்து வண்டி விடுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? ஒவ்வொரு வண்டியும் அவருக்குக் கூடுதல் நட்டம். மாநில அரசுக்கோ, சாலை என்றால் தன் துறை, தன் ஒப்பந்தம், தன் வரி வருவாய். ரயில் என்றால் அடுத்தவர் சொத்து. ஆகவே இருவரும் தத்தமக்கு அறிவுள்ள முறையில்தான் நடந்துகொள்கிறார்கள். விளைவுதான் இப்படி.

இதை உடைத்த ஒரு சிறு எடுத்துக்காட்டு நம் கண்முன்னே இருக்கிறது. கிளாம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு ரயில்வே தானாக முன்வரவில்லை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 20 கோடி ரூபாயை ரயில்வேயிடம் கட்டிய பிறகுதான் பணி தொடங்கியது. நிலையத்தையும் முனையத்தையும் இணைக்கும் உயர்மட்ட நடைபாதையின் செலவும் மாநிலத்துடையதே. வரவு பெறுபவர் செலவில் பங்கேற்றால் வேலை நடக்கிறது. இதையே வண்டி எண்ணிக்கைக்கும் விரிக்கலாம்: செங்கல்பட்டு மாவட்டத்தின் பத்திரப்பதிவு வருவாயில் ஒரு பங்கைத் தனிக்கணக்கில் வைத்து, கூடுதல் வண்டிகளால் வரும் நட்டத்தை மாநிலம் ஈடு செய்யட்டும், வண்டி வராவிட்டால் பணம் இல்லை என்று ஒப்பந்தம் எழுதட்டும். சகோதரி கேட்ட சிறு பேருந்துகளையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம்.

முன்னாள் சாலைப் பொறியாளர்:

கேட்க நன்றாக இருக்கிறது. பத்திரப்பதிவு வருவாய் இப்போதே ஆசிரியர் சம்பளத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அதில் கை வைத்து அடுத்தவர் நிறுவனத்தின் நட்டத்தை நிரப்ப எந்த நிதியமைச்சர் ஒப்புவார்? பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025இல் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. அதற்கு முன் எத்தனை ஆண்டு பேச்சு நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும். பணம் கட்டுவதைவிடப் பாதையையே வாங்கிவிடுவது மேல்.

ஐந்தொகை:

பறக்கும் ரயிலை வாங்கலாம். செங்கல்பட்டுப் பாதையில் கன்னியாகுமரி விரைவு வண்டியும் ஓடுகிறதே, அதை எப்படி வாங்குவீர்கள்?

இடத்தைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்காக 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தபோது, இருப்புப்பாதைக்கென்று 22 மீட்டரை ஒதுக்கினார்கள். முதல் பகுதி 2014இலும் இரண்டாம் பகுதி 2021இலும் திறக்கப்பட்டன. நிலம் இருக்கிறது, தண்டவாளம் இல்லை. ‘பிறகு போடலாம்’ என்பது நம் ஊரில் என்ன பொருள் தரும் என்பதற்கு 62 கி.மீ. நீளச் சான்று அது. எல்லைச் சாலையிலும் அதே வாக்குறுதியைக் கேட்கத் தயாராக இருக்கிறோமா?

கூடுவாஞ்சேரியான்:

எல்லைச் சாலை லாரிக்கு என்று பொறியாளர் ஐயா உறுதியாகச் சொல்வதால், அதை லாரிக்கே வைத்துக்கொள்ள ஒரு நிபந்தனையை ஏற்பாரா என்று கேட்கிறேன். ஆறு வழி முதன்மைத் தடத்தால் பரவல் வராது. அதில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பரவலைக் கொண்டுவருவது இரு பக்கமும் உடன் செல்லும் அணுகுசாலைகள். சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லையை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். இந்தச் சாலை செல்லும் நிலத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. அணுகுசாலை இருக்கும் 133 கிலோமீட்டரும் மனைக்காரருக்குக் கடைவாசல். மற்ற சாலைகளைச் சந்திக்கும் இடங்களைச் சுற்றி மட்டும் அணுகுசாலையை வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் நீக்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தை நான்காவது பாதைக்கும் தாம்பரம் கிழக்குப் பேருந்துகளுக்கும் தருவதில் என்ன தடை?

மறைமலைநகர் மனைக்காரர்:

தடையை நான் சொல்கிறேன். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் விற்றுத் தீர்ந்திருந்த மனைகளுக்காக 2017இல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள். அணுகுசாலை இல்லையென்றால் மனை விற்காது என்று நினைக்கிறீர்கள். வண்டிப்பாதையைக் காட்டியே விற்பார்கள். பிறகு வாங்கியவர்கள் சேர்ந்து சாலை கேட்பார்கள்.

முன்னாள் சாலைப் பொறியாளர்:

மனைக்காரருக்கும் எனக்கும் இதில் வேறு வேறு காரணங்கள் இருந்தாலும் முடிவு ஒன்றுதான். அணுகுசாலை மனைக்காகப் போடப்படுவதன்று. ஆறு வழித் தடம் ஒரு கிராமத்தை இரண்டாகப் பிளக்கும்போது, இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து நிலத்துக்கு டிராக்டரைக் கொண்டுபோக வழி வேண்டும். நிலம் எடுக்கும்போது அதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்குகிறோம். சுரங்கப்பாதை இருக்கும் இடம் வரை அணுகுசாலை, அதற்கப்பால் இல்லை என்று ஊருக்கு ஊர் வரைந்து பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் எத்தனை கிலோமீட்டர் குறையும் என்பதை வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும். பாதிக்கு மேல் குறையாது என்பது என் அனுபவம்.

கூடுவாஞ்சேரியான்:

பாதி போதும். கிலோமீட்டருக்கு 25 கோடியில் போடும் பாதைக்கு அந்தப் பாதியில் எவ்வளவு வரும் என்பதை ஐந்தொகை அவர்கள் கணக்கிடட்டும். சிங்கப்பெருமாள்கோவிலில் எல்லைச் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். லாரிக்கான சந்திப்பும் மின்சார ரயில் நிலையமும் அருகருகே வருவது அங்குதான்.